பருப்பின் மீது வீண்பழி

நுழையும்முன்

குருதிப் பரிசோதனை அறிக்கையில் உள்ள எண்களுள் ஒன்று யூரிக் அமிலத்தின் அளவு. அது எங்கிருந்து வருகிறது, ஏன் மிகுகிறது, அது மிகும்போது உடல் எதை உணர்த்துகிறது என்பனவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

தில்லியிலும் மும்பையிலும் போபாலிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களில் ஒரு வேலை பெரும்பாலும் பிள்ளைகளின் பொறுப்பாகிவிடுகிறது. ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கும் தாத்தாவையோ பாட்டியையோ மருத்துவரிடம் அழைத்துச் செல்லும்போது, மருத்துவர் இந்தியில் கூறுவதைத் தமிழிலும், பெரியவர் தமிழில் கூறுவதை இந்தியிலும் மாற்றிச் சொல்பவர் பள்ளியிற் படிக்கும் பேரனோ பேத்தியோதான். ஆய்வகத்திலிருந்து வரும் அறிக்கையைப் படித்துச் சொல்பவரும் அவரே. அவ்வறிக்கையில் பலரை அச்சுறுத்தும் வரி ஒன்று உண்டு. யூரிக் அமிலம் என்னும் பெயருக்கு எதிரே 7.6 என்றோ 8.1 என்றோ தடித்த எழுத்தில் ஓர் எண் இருக்கும். அன்று மாலையே வீட்டில் தீர்ப்பு வழங்கப்படும்: "இனிமேல் தாத்தாவுக்குப் பருப்பு கூடாது." சாம்பார் போகும், கூட்டு போகும், சுண்டல் போகும், சில வீடுகளில் கீரையும் தக்காளியும்கூடப் போகும். ஆனால் காலையும் மாலையும் இரண்டு கரண்டிச் சர்க்கரை இட்டுப் பருகும் தேநீர் அப்படியே இருக்கும். விருந்தினர் வந்தால் திறக்கப்படும் குளிர்பானப் புட்டியும் இருக்கும். இத்தீர்ப்பு முறையானதுதானா என்பதை ஆராய்வோம்.

யூரிக் அமிலம் என்பது யாது?

யூரிக் அமிலம் வெளியிலிருந்து உடலுக்குள் புகும் நஞ்சு அன்று. நம் உடலே நாள்தோறும் உண்டாக்கும் கழிவு அது. உயிரணுக்களில் மரபுச் செய்தியைத் தாங்கும் டி.என்.ஏ. என்னும் பொருள் உண்டு; உயிரணு தன் வேலையைச் செய்ய வேண்டிய ஆற்றலைச் சுமந்து திரியும் ஏ.டி.பி. என்னும் பொருளும் உண்டு. இவ்விரண்டிலும் பியூரின் எனப்படும் வேதிப்பொருள் ஓர் உறுப்பாக அமைந்துள்ளது. பழைய உயிரணுக்கள் அழிந்து புதியன தோன்றும்போது பழைய பியூரின் படிப்படியாகச் சிதைகிறது. அச்சிதைவின் கடைசிப் படியில் எஞ்சுவதே யூரிக் அமிலம்.

நாம் உண்ணும் உணவும் முன்னர் ஓர் உயிரின் உடலாக இருந்தது. ஆதலால் அதிலுள்ள பியூரினும் இதே வழியிற் செல்கிறது. எனினும் ஒன்றை நினைவில் வையுங்கள். உடலில் ஒரு நாளில் உண்டாகும் யூரிக் அமிலத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு உடலின் சொந்தப் பியூரினிலிருந்து வருவது. உணவிலிருந்து வருவது மூன்றில் ஒரு பங்கே.

அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வாழ்வோர் யூரிக் அமிலத்தைக் கண்ணாலேயே கண்டிருப்பர். பால்கனிக் கம்பியில் அமரும் புறாக்கள் இட்டுச் செல்லும் எச்சத்தின் வெண்மையான பகுதி பெரும்பாலும் யூரிக் அமிலமும் அதன் உப்புகளுமே. சுவரில் ஊரும் பல்லியின் எச்சத்து நுனியிலுள்ள வெண்புள்ளியும் அதுவே. பறவைகளும் பல்லியினங்களும் நைட்ரசன் கழிவை நீரிற் கரைத்து வெளியேற்றுவதில்லை, கூழாக்கி வெளியேற்றுகின்றன. அதனால் அவற்றின் உடலில் நீர் மிச்சமாகிறது.

பாலூட்டிகளின் வழி வேறு. நாய், பூனை, மாடு, எலி முதலியவற்றின் கல்லீரலில் யூரிகேஸ் என்னும் நொதி உண்டு. அது யூரிக் அமிலத்தை மேலும் சிதைத்து, நீரில் எளிதாகக் கரையும் அலன்டாயின் என்னும் பொருளாக மாற்றிவிடுகிறது. மனிதருக்கும் சிம்பன்சி, கொரில்லா முதலிய வாலில்லாக் குரங்குகளுக்கும் அந்நொதி இல்லை. நம் பொது மூதாதையரிடத்தில் ஏறத்தாழ ஒன்றரைக் கோடி ஆண்டுகளுக்கு முன்னரே அதற்குரிய மரபணு செயலிழந்துவிட்டது. உடைந்துபோன அம்மரபணு இன்றும் நம் உயிரணுக்களில் பயனின்றிக் கிடக்கிறது. ஆகவே மற்றப் பெரும்பாலான பாலூட்டிகளைவிட நம் குருதியில் யூரிக் அமிலம் பன்மடங்கு மிகுதி. (உடலெங்கும் கரும்புள்ளி கொண்ட டால்மேசன் நாயைப் பார்த்திருப்பீர்கள். அதனிடம் யூரிகேஸ் உண்டு. ஆனால் யூரிக் அமிலத்தைக் கல்லீரல் உயிரணுவுக்குள் கொண்டுசேர்க்கும் வாயில் அதற்குப் பிறவியிலேயே பழுதுபட்டுள்ளது. அதனால் அந்நாய்களுக்கும் யூரிக் அமிலக் கற்கள் தோன்றுவதுண்டு.)

கற்கண்டும் நூலும்

1776ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு வேதியியலர் கார்ல் வில்லெம் ஷீலே, சிறுநீர்ப்பைக் கல்லை ஆராய்ந்தபோது இவ்வமிலத்தைக் கண்டறிந்தார். 1797இல் இங்கிலாந்து நாட்டு அறிவியலர் வில்லியம் ஹைட் வொலாஸ்டன், கௌட் என்னும் மூட்டுநோய் உற்றவரின் மூட்டருகே தோன்றிய சுண்ணாம்பு போன்ற கட்டியில் இதன் உப்பு இருப்பதைக் காட்டினார். 1848இல் லண்டன் மருத்துவர் ஆல்பிரட் பேரிங் காரட், அந்நோயாளிகளின் குருதியிலேயே யூரிக் அமிலம் மிகுந்திருப்பதை மெய்ப்பித்தார். பின்னர் அவர் அமைத்த எளிய சோதனையைப் புரிந்துகொள்ளக் கற்கண்டு செய்யும் முறையை அறிந்தால் போதும்.

சர்க்கரைப் பாகை அடர்த்தியாகக் காய்ச்சி, அதில் நூல்களைத் தொங்கவிட்டு மெல்ல ஆறவிட்டால், நூலைச் சுற்றிப் படிகங்கள் வளரும். சூடாக இருந்தபோது நீர் தாங்கியிருந்த சர்க்கரை முழுவதையும் குளிர்ந்தபின் அதனால் தாங்க இயலுவதில்லை. மிகுந்தது நூலிற் படிகிறது. காரட் செய்ததும் இதைப் போன்றதே. குருதியிலிருந்து பிரித்த தெளிநீரைத் தட்டையான கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றி, சிறிது அசிட்டிக் அமிலம் கலந்து, ஒரு நூலிழையை அதில் இட்டுவைத்தார். யூரிக் அமிலம் மிகுந்த குருதியாயின் ஓரிரு நாள்களில் அந்நூலிழையின் மீது படிகங்கள் ஒட்டியிருந்தன.

உடலின் வெப்பநிலையாகிய 37 பாகை செல்சியசில், 100 மில்லிலிட்டர் குருதிநீர் ஏறத்தாழ 6.8 மில்லிகிராம் யூரிக் அமில உப்பைக் கரைத்து வைத்திருக்கும். அதற்கு மேற்பட்டால் படிகமாகும் வாய்ப்பு தோன்றுகிறது. ஆய்வக அறிக்கைகளில் ஆண்களுக்கு ஏறத்தாழ 7 என்றும் பெண்களுக்கு ஏறத்தாழ 6 என்றும் மேல்வரம்பு காட்டப்படுவதைக் காணலாம். பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் என்னும் சுரப்பு யூரிக் அமிலத்தை வெளியேற்றத் துணைபுரிகிறது. மாதவிடாய் நின்ற பின்னர் அத்துணை குறைவதால் பாட்டிமாரின் எண்ணும் உயர்கிறது.

படிகம் தோன்ற முதலில் தேர்ந்தெடுக்கும் இடம் பெரும்பாலும் காலின் பெருவிரல் மூட்டு. உடலின் நடுப்பகுதியைவிடப் பாதம் குளிர்ந்தது. குளிர்ந்த இடத்தில் கரைதிறன் குறைவு. படிகங்களைப் பகையெனக் கருதி வெள்ளையணுக்கள் விழுங்க முற்படுகின்றன. அப்போது எழும் கிளர்ச்சியே வீக்கமும் செம்மையும் வலியுமாக வெளிப்படுகிறது. நள்ளிரவிற் தொடங்கும் அவ்வலி, மேலே போர்த்திய துணி பட்டாலும் பொறுக்க இயலாத அளவினது. இதுவே கௌட். தமிழில் கீல்வாதம் என்றும் இந்தியில் கட்டியா என்றும் வழங்கும் சொற்கள் பலவகை மூட்டுநோய்களுக்கும் பொதுவாக ஆளப்படுவதால், இப்பாடத்தில் கௌட் என்னும் பெயரையே கொள்வோம். யூரிக் அமிலம் மிகுந்தவர்களுள் பெரும்பாலோருக்கு இந்நோய் வருவதேயில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும்.

இந்நோயின் வலியைத் தணிக்கும் பழமையான மருந்துகளுள் ஒன்று கோல்ச்சிசின். அதற்கும் தமிழகத்துக்கும் உள்ள தொடர்பு உங்களுக்கு வியப்பளிக்கும். தமிழ்நாட்டின் மாநில மலர் செங்காந்தள். மகளிர் விரல்களுக்குச் சங்கப் புலவர் உவமை கூறிய அதே மலர். அச்செடியின் விதையிலும் கிழங்கிலும் கோல்ச்சிசின் உள்ளது. திண்டுக்கல், கரூர், திருப்பூர் மாவட்டங்களின் வறண்ட நிலங்களில் உழவர் அதனைக் கண்வலிக் கிழங்கு என்னும் பெயரிற் பயிரிட்டு, மருந்து செய்வோருக்கு விதையை விற்கின்றனர். தொடுவதற்கு அழகிய அச்செடி உண்பதற்குக் கொடிய நஞ்சு. கிழங்கின் சிறு துண்டும் உயிரைப் போக்கக்கூடும். மருத்துவர் தரும் மிகச் சிறிய அளவிலேயே அது மருந்தாகிறது. அப்போதும் அது யூரிக் அமிலத்தைக் குறைப்பதில்லை. வெள்ளையணுக்களின் கிளர்ச்சியை அடக்குகிறது, அவ்வளவே. யூரிக் அமிலம் உண்டாவதையே குறைக்கும் மருந்தாகிய அலோபியூரினால், அமெரிக்க அறிவியலர்களான கெர்ட்ரூட் எலியனும் ஜார்ஜ் ஹிட்சிங்சும் செய்த ஆய்வின் பயன். 1988இல் நோபல் பரிசு பெற்றோருள் அவ்விருவரும் அடங்குவர்.

அடைபட்ட குழாய்

குடியிருப்பின் மொட்டைமாடித் தொட்டி நிரம்பி வழிகிறது என்று வைத்துக்கொள்வோம். தண்ணீர் மிகுதியாக வருவதும் காரணமாகலாம். வெளியேறும் குழாய் அடைபட்டிருப்பதும் காரணமாகலாம். யூரிக் அமிலம் மிகுந்தவர்களுள் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பேரிடம் குறை இரண்டாவது வகையினது.

உண்டாகும் யூரிக் அமிலத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைச் சிறுநீரகமும் எஞ்சியதைக் குடலும் வெளியேற்றுகின்றன. சிறுநீரகம் தான் வடிகட்டியதை அப்படியே விட்டுவிடுவதில்லை. பத்தில் ஒன்பது பங்கைத் திரும்பவும் குருதிக்குள் இழுத்துக்கொள்கிறது. இழுத்துக்கொள்ளும் புரதங்களுள் முதன்மையான ஒன்றை 2002ஆம் ஆண்டில் ஜப்பானிய அறிவியலர் கண்டறிந்து யூராட்-1 எனப் பெயரிட்டனர். அப்புரதம் சிறிது மிகையாக உழைத்தாலும் குருதியில் எண் ஏறிவிடும். சிலருக்கு இது பரம்பரையாக வருவது. வேறு சிலருக்கு மருந்தினால் வருவது. குருதி அழுத்தத்துக்காக உட்கொள்ளும் சிறுநீர் பெருக்கி மாத்திரைகள் சில யூரிக் அமிலத்தை உயர்த்தும். இவையன்றி இன்று பெருகிவரும் காரணம் ஒன்றுண்டு. அது இன்சுலின்.

வளர்சிதை மாற்றம் என்னும் சொல்லை அறிவியற் பாடத்திற் படித்திருப்பீர்கள். உணவை ஆற்றலாக்குதல், மிகுந்ததைச் சேமித்தல், கழிவை விலக்குதல் ஆகிய வேலைகள் அனைத்தும் அதில் அடங்கும். வயிற்றைச் சுற்றியும் கல்லீரலிலும் கொழுப்பு மிகும்போது, தசையும் கல்லீரலும் இன்சுலினின் ஆணைக்குச் செவிசாய்ப்பது குறைகிறது. கணையமோ விடாமல் மேலும் மேலும் இன்சுலினைச் சுரக்கிறது. குருதியில் மிகுந்த இன்சுலின் சிறுநீரகத்தைச் சோடியத்தையும் யூரிக் அமிலத்தையும் திரும்ப இழுத்துக்கொள்ளும்படி தூண்டுகிறது. சோடியம் தங்கினால் குருதி அழுத்தம் ஏறுகிறது. யூரிக் அமிலம் தங்கினால் அறிக்கையில் தடித்த எண் தோன்றுகிறது. இரண்டும் ஒரே வீட்டிலிருந்து எழும் புகை.

1988இல் அமெரிக்க மருத்துவர் ஜெரால்டு ரீவன், இவ்வாறு ஒன்றாகத் திரிந்துவரும் கோளாறுகளை ஒரு தொகுதியாகக் கண்டு விளக்கினார். இன்று வளர்சிதை மாற்றக் கோளாறுத் தொகுதி என மருத்துவர் கூறுவது அதன் வழிவந்ததே. அதற்கு ஐந்து அளவுகள் பார்க்கப்படுகின்றன. இடுப்பின் சுற்றளவு இந்தியருள் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரும் எட்டியிருத்தல் ஒன்று. குருதி அழுத்தம் 130/85 எட்டியிருத்தலும், வெறும் வயிற்றில் குருதிச் சர்க்கரை 100 எட்டியிருத்தலும், டிரைகிளிசரைடு என்னும் கொழுப்பு 150 எட்டியிருத்தலும், நல்ல கொழுப்பு எனப்படும் எச்.டி.எல். ஆண்களுக்கு 40, பெண்களுக்கு 50 என்னும் அளவுக்குக் கீழிருத்தலும் ஏனையவை. ஐந்தில் மூன்று பொருந்தினால் அத்தொகுதி உண்டு எனக் கொள்வர். யூரிக் அமிலம் இவ்வைந்தில் இல்லை. ஆயினும் இவை உள்ளவரிடம் அதுவும் மிகுந்திருப்பது வழக்கம். எனவே அறிக்கையில் யூரிக் அமிலத்தின் வரியை மட்டும் படித்து நிறுத்துவது, நாடகத்தில் ஒரு பாத்திரத்தின் வசனத்தை மட்டும் கேட்டுவிட்டு எழுந்து வருவதற்கு ஒப்பாகும்.

சர்க்கரையின் பங்கு

கரும்புச் சர்க்கரையின் ஒரு பாதி குளுக்கோஸ், மறுபாதி பிரக்டோஸ். குளுக்கோசை உடலின் எல்லா உறுப்புகளும் பயன்படுத்துகின்றன; அது சிதைவதை வேண்டிய அளவோடு நிறுத்தும் ஒழுங்கும் உயிரணுவில் உண்டு. பிரக்டோசின் பெரும்பகுதியைக் கையாள்வது கல்லீரல். அங்கே அதற்கு அத்தகைய கட்டுப்பாடு இல்லை.

ஏ.டி.பி.யைக் கல்லீரலின் செலவுப்பணம் எனக் கொள்ளுங்கள். ஒவ்வொரு பிரக்டோஸ் மூலக்கூறையும் ஏற்றுக்கொள்ள ஓர் ஏ.டி.பி. செலவாகிறது. சிறுகச் சிறுக வந்தால் செலவான பணம் மீண்டும் வந்து சேர்ந்துவிடும். ஒரு புட்டிக் குளிர்பானத்தை ஒரே மூச்சில் பருகினால் பிரக்டோஸ் வெள்ளமாக வருகிறது, ஏ.டி.பி. விரைந்து கரைகிறது. செலவானவற்றின் ஒரு பகுதி மீண்டும் ஏ.டி.பி. ஆகாமல் சிதைந்து, பியூரின் செல்லும் பழைய வழியிலேயே சென்று யூரிக் அமிலமாகிறது. மிகுந்த பிரக்டோசோ கல்லீரலில் கொழுப்பாக மாறுகிறது. கொழுப்பு மிகுந்தால் இன்சுலின் மிகுகிறது. இன்சுலின் மிகுந்தால் வெளியேறும் குழாயும் அடைபடுகிறது. இவ்வாறு யூரிக் அமிலத்தை வரவிலும் செலவிலும் ஒருசேரக் கெடுக்கும் உணவுப்பொருள் வேறொன்றைக் காண்பது அரிது. இத்தனைக்கும் குளிர்பானத்தில் பியூரின் ஒரு துளியும் இல்லை! "பியூரின் உள்ள உணவைத் தவிர்" என்னும் பட்டியலை மட்டும் பார்ப்பவர் இதனைக் காணாமலே போவார்.

வெல்லமும் நாட்டுச் சர்க்கரையும் இவ்வகையில் தீங்கற்றவை எனப் பலர் எண்ணுகின்றனர். அவற்றின் பெரும்பகுதியும் அதே கரும்புச் சர்க்கரைதான். தேனிலும் பிரக்டோஸ் நிரம்ப உண்டு. பழத்தை முழுதாக உண்பது வேறு. ஒரு கொய்யாவிலோ ஆரஞ்சிலோ உள்ள சர்க்கரை குறைவு. நார்ப்பொருள் அதனை மெல்லவே விடுவிக்கிறது. நான்கு பழங்களைப் பிழிந்து சக்கையை எறிந்துவிட்டுக் குடிக்கும் சாறு அப்படிப்பட்டதன்று.

பருப்பின் வழக்கு

அமெரிக்காவில் மருத்துவத் துறை சார்ந்த பணிகளில் இருந்த 47,150 ஆண்களை 12 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து நடத்திய ஆய்வொன்றின் முடிவு 2004ஆம் ஆண்டில் வெளிவந்தது. இறைச்சியை மிகுதியாக உண்டவருக்குக் கௌட் வரும் வாய்ப்பு, குறைவாக உண்டவரைவிட ஏறத்தாழ 40 விழுக்காடு கூடுதலாக இருந்தது. மீன், இறால் முதலியவற்றை மிகுதியாக உண்டவருக்கு ஏறத்தாழ 50 விழுக்காடு கூடுதல். பட்டாணி, அவரையினம், பருப்பு, பசலைக்கீரை, காளான், காலிபிளவர் ஆகிய பியூரின் உள்ள தாவர உணவுகளை மிகுதியாக உண்டவருக்கோ வாய்ப்பு கூடவேயில்லை. பாலும் தயிரும் போன்ற பாற்பொருள்களை மிகுதியாகக் கொண்டவருக்கு வாய்ப்பு கிட்டத்தட்டப் பாதியளவுக்குக் குறைந்திருந்தது. பாலிலுள்ள புரதங்கள் யூரிக் அமிலம் சிறுநீரில் வெளியேறத் துணைபுரிகின்றன. அதே குழுவினரைப் பற்றி 2008இல் வந்த மற்றோர் ஆய்வு, நாள்தோறும் இரண்டு முறையோ அதற்கு மேலோ சர்க்கரை இட்ட குளிர்பானம் பருகியவருக்கு வாய்ப்பு ஏறத்தாழ 85 விழுக்காடு கூடுதல் என்று காட்டியது.

இவ்விரு ஆய்வுகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வீட்டில் தண்டனை பெற்றது பருப்பு, தப்பித்தது இனிப்பு. புலால் உண்ணாத வீட்டில் ஒரு முதியவரின் தட்டிலிருந்து பருப்பை எடுத்துவிட்டால் மிஞ்சுவது சோறும் ரொட்டியும் உருளைக்கிழங்கும் ஆகும். 100 கிராம் துவரம்பருப்பில் ஏறத்தாழ 22 கிராம் புரதம் உண்டு. முதுமையில் தசை தானே மெலிந்துவரும். அப்போது புரதத்தையும் குறைத்தால் நடை தளரும், விழும் அச்சம் மிகும். மாவுப்பொருள் கூடினால் குருதிச் சர்க்கரையும் கூடும். நோயைத் தடுப்பதாக எண்ணிச் செய்தது வேறொரு நோய்க்கு வழியாகிவிடும். சிறுநீரகம் பழுதுபட்டவருக்கு மருத்துவர் புரதத்தை அளவிட்டுச் சொல்வார். அது வேறு செய்தி, அதனை மீறக்கூடாது. மற்றவருக்குச் சாம்பாரும் மோரும் பகையல்ல. ஆட்டின் ஈரல், நெத்திலி, மத்தி, இறால் ஆகியவற்றை விரும்பி உண்போர் அளவைக் குறைத்துக்கொள்வது நன்று. மதுவும், அதிலும் பீரும், யூரிக் அமிலத்தை உயர்த்தும்.

எடை மிகுந்தவர் மெல்ல மெல்ல எடையைக் குறைத்தால் எண் இறங்கும். ஆனால் அவசரப்பட்டுப் பட்டினி கிடந்தால் எதிராக முடியும். பட்டினியின்போது உடலில் தோன்றும் சில அமிலங்கள் சிறுநீரகத்தில் யூரிக் அமிலம் வெளியேறும் வழியை மறித்துக்கொள்கின்றன.

காரணமா, அடையாளமா?

யூரிக் அமிலம் மிகுந்தவர்களிடம் இதயநோயும் சிறுநீரகநோயும் மிகுந்து காணப்படுகின்றன. ஆகவே மாத்திரை கொடுத்து யூரிக் அமிலத்தைக் குறைத்துவிட்டால் அந்நோய்களும் குறையும் என்று பலர் எதிர்பார்த்தனர். இதனைச் சோதித்தும் பார்த்தனர். 2020ஆம் ஆண்டில் இரண்டு ஆய்வுகளின் முடிவுகள் வெளிவந்தன. சிறுநீரகம் நலிவடைந்து வருவோர் சிலருக்கு அலோபியூரினாலும் மற்றவர்க்கு மருந்தற்ற போலி மாத்திரையும் தரப்பட்டன. மருந்து பெற்றவரின் யூரிக் அமிலம் நன்கு இறங்கியது. சிறுநீரகத்தின் நலிவு மட்டும் குறையவில்லை. 2022இல் பிரிட்டனில் 5,000க்கும் மேற்பட்ட இதயநோயாளிகளிடம் நடத்திய ஆய்விலும் அம்மருந்து மாரடைப்பைக் குறைக்கவில்லை.

அப்படியாயின் யூரிக் அமிலத்தைப் பெரும்பாலும் நெருப்பாகக் கொள்வதைவிடப் புகையாகக் கொள்வதே பொருத்தம். புகையை விசிறி விரட்டினால் நெருப்பு அணையாது. மூட்டில் அடிக்கடி கௌட் வருபவருக்கும் யூரிக் அமிலக் கற்கள் தோன்றுபவருக்கும் மாத்திரை இன்றியமையாதது. அவர்கள் அதனை இடையில் நிறுத்தக்கூடாது. எண் மட்டும் சற்று உயர்ந்து, வேறெந்தத் துன்பமும் இல்லாதவருக்கு மருத்துவர் பெரும்பாலும் மாத்திரை எழுதுவதில்லை. "காசு கொடுத்துப் பார்த்தும் மருந்தே தரவில்லையே!" என்று பாட்டி குறைபட்டுக்கொண்டால், காரணத்தைத் தமிழில் விளக்கும் கடமை உங்களுடையது.

மொழிபெயர்ப்பாளரின் வேலை

அவ்வேளையில் சொற்களிற் கவனம் வேண்டும். மருத்துவர் "குர்தா" என்றால் உடுக்கும் உடையைக் குறிக்கவில்லை, அது சிறுநீரகம். தமிழெழுத்தில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். "கூன்" என்றால் முதுகின் வளைவு அன்று, குருதி. "கட்டியா" என்று அவர் கூறினால், அது கௌட்டா, தேய்மானமா, வேறொரு மூட்டுநோயா என்று திரும்பக் கேளுங்கள். மூன்றுக்கும் மருத்துவம் வேறு வேறு. பாட்டி "கால் கடுக்கிறது" என்பதும் "குத்துகிறது" என்பதும் "எரிகிறது" என்பதும் வெவ்வேறு நோய்களைக் காட்டும் குறிப்புகள். மூன்றையும் "தர்த்" என்னும் ஒரே சொல்லால் முடித்துவிடாதீர்கள். எந்த மூட்டு, இரவிலா பகலிலா, எத்தனை நாள், வீங்கிச் சிவந்ததா என்பவற்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். பெரியவர் உட்கொள்ளும் மாத்திரைகளின் அட்டைகளை எல்லாம் ஒரு பையிற் போட்டு எடுத்துச் செல்லுங்கள். சிறுநீர் பெருக்கி ஏதேனும் உள்ளதா என்பதை மருத்துவரே பார்த்துக்கொள்வார். அதனை நீங்களாக நிறுத்தச் சொல்ல வேண்டா. யூரிக் அமிலத்தின் எண்ணைப் படித்தபின், அதே அறிக்கையில் சர்க்கரை, டிரைகிளிசரைடு, எச்.டி.எல்., கிரியாட்டினின் ஆகிய வரிகளையும் படித்துக் காட்டுங்கள். கிரியாட்டினின் என்பது சிறுநீரகம் எவ்வளவு நன்றாக வடிகட்டுகிறது என்பதை உணர்த்தும் எண்.

இப்பாடம் முதியவர்களை மட்டும் பற்றியதன்று. 2025ஆம் ஆண்டு மே மாதத்தில் மத்திய இடைநிலைக் கல்வி வாரியம், தன்னுடன் இணைந்த பள்ளிகளில் சர்க்கரைப் பலகை அமைக்குமாறு அறிவுறுத்தியது. அன்றாடம் உண்ணும் நொறுக்குத்தீனியிலும் பானங்களிலும் எவ்வளவு சர்க்கரை உள்ளது என்பதை மாணவர் கண்ணிற் படும்படி எழுதிவைக்கும் பலகை அது. புட்டியின் மீது ஒட்டியுள்ள அட்டையிலும் அக்கணக்கு இருக்கும். ஆனால் பெரும்பாலும் 100 மில்லிலிட்டருக்கே எழுதியிருப்பர். 100 மில்லிலிட்டருக்கு 11 கிராம் என்றால் 600 மில்லிலிட்டர் புட்டியில் 66 கிராம். ஒரு தேக்கரண்டிக்கு 4 கிராம் எனக் கொண்டால் பதினாறு கரண்டிக்கு மேல். சேர்த்தது கரும்புச் சர்க்கரையாயின், அதில் 33 கிராம் பிரக்டோஸ்.

சொற்பொருள்

குருதி – இரத்தம்
நொதி – உடலில் வேதிமாற்றத்தை விரைவுபடுத்தும் புரதம்
கணையம் – இன்சுலினைச் சுரக்கும் உறுப்பு
எச்சம் – பறவை முதலியவற்றின் கழிவு
வீண்பழி – காரணமின்றிச் சுமத்தும் குற்றம்

பயிற்சி

1. காரட்டின் நூல் சோதனையையும் கற்கண்டு செய்யும் முறையையும் ஒப்பிட்டு எழுதுக.
2. பியூரின் சிறிதும் இல்லாத குளிர்பானம் யூரிக் அமிலத்தை உயர்த்துவது எவ்வாறு?
3. "புகை", "நெருப்பு" என ஆசிரியர் எவற்றைக் குறிப்பிடுகிறார்?
4. கடுக்கிறது, குத்துகிறது, எரிகிறது, குடைகிறது: இவை வலியின் வகையை உணர்த்தும் சொற்கள். வீட்டுப் பெரியவரிடம் கேட்டு இத்தகைய சொற்கள் இன்னும் மூன்று எழுதுக. அவற்றுக்கு நீங்கள் வாழும் மாநில மொழியில் உள்ள சொற்களையும் தமிழெழுத்தில் எழுதுக.
5. உங்கள் வீட்டில் உள்ள ஒரு பானத்தின் அட்டையைப் படித்து, முழுப் புட்டியில் உள்ள சர்க்கரையைக் கணக்கிடுக.